பதினைந்து நாள் விருந்து

தொண்டாமுத்தூர்
9-1-2025

கடவுள் எனக்கென்று பார்த்துக் கொடுத்த ஒரே மாப்பிள்ளை பிரவின்குமாருக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் அங்கப்பன் எழுதுவது.

இங்கே நான், உன் அக்கா சின்னத்தாயி, மகள் எழில், கொட்டிலில் இரண்டு எருமை, எல்லோரும் சௌக்கியம். எருமைகளும் உன்னை விசாரித்தன. உன் சுகமும் உன் வீட்டுக்காரி யுவஸ்ரீ சுகமும் தெரிய வேண்டும்.

உனக்குப் போன் போட்டுப் போட்டு என் விரல் தேய்ந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளை எடுத்து, நீ அணைத்து வைத்திருப்பதாகத் தமிழில் ஒரு தரமும் இங்கிலீஷில் ஒரு தரமும் சொல்கிறது. தினமும் பேசியதில் அந்தப் பிள்ளையும் நானும் சொந்தமாகிவிட்டோம். நீ மட்டும்தான் சொந்தமில்லை. அதனால் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இன்றைக்குப் பேனாவைப் பிடித்திருக்கிறேன். பார், எந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டாய்.

ஒரு லோடு மோட்டார் பழுது என்று திரும்பி வந்ததாம். சோதனை செய்து அனுப்பியவன் நீ என்று கம்பெனியில் இரண்டு வார்த்தை சொன்னார்களாம். நீ வேலையை விட்டு வந்து படுத்தவன் படுத்தவன்தான். ஏழு மாதம் ஆகிறது. அந்தக் கட்டிலுக்கு உன் பேரில் பட்டா வாங்கிவிட்டாயா?

பொங்கலுக்கு வா. வராவிட்டால் கட்டிலோடு தூக்கிவர டெம்போ அனுப்புவேன்.

அன்பும் கோபமும் சரிபாதியாக,
அங்கப்பன் மாமா

*

அன்னூர்
27-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பதில் சந்தோஷம். இங்கே யுவஸ்ரீ நன்றாக இருக்கிறாள். துணிக்கடை வேலைக்குப் போய்வருகிறாள்.

பொங்கலுக்கு வர முடியவில்லை. சட்டை போட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை போக முடியவில்லை. மன்னிக்கவும்.

போன் மணி அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. கடிதம் என்றால் முடிகிறபோது பிரித்துப் படிக்கலாம்.

காந்திபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு யுவஸ்ரீ கூட்டிப்போனாள். மனச்சோர்வு என்கிறார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதோடு ராமாமணி மேடம் என்று ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் முக்கால் மணி நேரம் பேசுகிறார். மனதில் வருகிற எண்ணத்தைத் தாளில் எழுதச் சொல்கிறார். என்ன நடந்தது, அப்போது என்ன எண்ணம் வந்தது, அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறேன், அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று ஐந்து கட்டம். எண்ணம் வேறு, உண்மை வேறு என்று பிரித்துப் பார்ப்பதற்காம்.

அக்கா பயந்துபோயிருப்பதாக யுவஸ்ரீ சொன்னாள். ஊசி, ஷாக் எதுவும் இல்லை, வெறும் தாள்தான் என்று அக்காவுக்குக் காட்டுங்கள். நான் பாதி எழுதிய தாள் ஒன்று இதோடு இருக்கிறது. பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பிரவின்குமார்

*

தொண்டாமுத்தூர்
2-2-2025

மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் நலம். சின்ன எருமை சினையாக இருக்கிறது. நீங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

தாள் வந்தது. படித்த பிள்ளை இப்படியா பாதியில் விட்டுவைப்பாய்? ‘நான் ஒன்றுக்கும் ஆகாதவன்’ என்று எழுதி, பக்கத்தில் தொண்ணூறு போட்டிருக்கிறாய். அதற்கப்புறம் எல்லாக் கட்டமும் காலி. உன் அக்கா பார்த்துவிட்டு அழுகிறாள். எனக்குக் கடுப்பாகிவிட்டது. உட்கார்ந்து நானே எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன்.

ஆதாரம் என்ற கட்டத்தில் கோடு அடித்துவிட்டேன். எதிரான ஆதாரத்தில் எழுதியது: நல்ல உயரம், பரண் மேல் இருக்கிற அண்டாவை ஏணி இல்லாமல் எடுப்பான். பரோட்டா எட்டு தின்பான். டிப்ளமோ பாஸ். தொண்ணூறை அடித்துப் பூஜ்யம் போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். எழில் படிக்கிற காலத்தில் ரேங்க் கார்டில் போட்ட அதே கையெழுத்து. அந்த ராமாமணி அம்மணி கேட்டால், வீட்டுப் பெரியவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று காட்டு. வைத்தியம் முடிந்தது. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போ.

அங்கப்பன் மாமா

*

அன்னூர்
24-2-2025

மாமாவுக்கு,

சுகமா? அக்காவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அது ரேங்க் கார்டு இல்லை மாமா. கையெழுத்துப் போடுகிற இடம் அதில் எங்கே இருக்கிறது? நான் காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தேன். யுவஸ்ரீ எடுத்துக் கொடுத்துவிட்டாள். மேடம் படித்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் சொன்னார்: “உங்க மாமாவுக்கு உங்க மேல ரொம்பப் பாசமுங்க. ஆனா இது அவரு நம்பறது. நீங்க நம்பலீங்களே. நல்லதா நெனைங்கன்னு நான் சொல்லவே இல்லீங்க. நடந்தத நடந்தபடி எழுதுங்கன்னுதான் சொல்றேன்.”

நீங்கள் பூஜ்யம் போட்டதால் அது பூஜ்யம் ஆகிவிடாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தொண்ணூற்றைந்து ஆகிவிட்டது. எனக்கு ஒரு தாளைக்கூட நிரப்பத் தெரியவில்லை, மாமா நிரப்ப வேண்டியிருக்கிறது என்று தோன்றியது.

எழுதுவதோடு தினமும் ஒரு சின்ன வேலையும் செய்யச் சொல்லியிருக்கிறார். நான்கு நாளாகப் பால் பூத் வரைக்கும் நடந்துபோய் வருகிறேன்.

தயவுசெய்து இனி எதையும் நிரப்பி அனுப்ப வேண்டாம்.

பிரவின்குமார்

*

தொண்டாமுத்தூர்
1-3-2025

பால் பூத் மகாராஜாவுக்கு,

அடியேன் குடும்பம் நலம். உங்கள் அரண்மனையில் அனைவரும் நலமா?

பால் பூத் வரை நடந்ததற்கு அந்த அம்மணி மார்க் போடுகிறாரா? தோப்பில் நான் தினமும் நடக்கிற நடைக்கு எனக்கு டாக்டர் பட்டமே கொடுக்க வேண்டும். நான் ஒன்று எழுதினால் உனக்குத் தொண்ணூற்றைந்து, எழுதாவிட்டால் தொண்ணூறு. உன்னோடு எப்படித்தான் பேசுவது? சொல்லித் தொலை. கிணற்று மோட்டாராவது ரிப்பேர் என்றால் எங்கே ரிப்பேர் என்று காட்டிவிடும்.

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டுமாமே? இதையும் எழுது. மாமா வீட்டுக்கு விருந்துக்கு வந்து, பதினைந்து நாள் உட்கார்ந்து தின்று, பகலெல்லாம் குறட்டை விட்ட வீரன் நீ. நேற்றுக்கூட டீக்கடையில் அந்தக் கதையைச் சொன்னேன். பாலுசாமி டீயைத் துப்பிவிட்டான்.

இந்த வருடம் யானை இன்னும் இறங்கவில்லை. இரண்டு வருடம் முன்னால் தோப்பில் நான் காவலுக்குப் படுக்கிற சாளைக்கு ஒன்று வந்து சுவரைத் தள்ளியதே, அதைப் பார்த்து நான், “ஏனுங்க, தேங்கா வேணும்னா மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?” என்று கேட்டேனே, அந்த வெட்கத்தில் மலையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது போல.

சீக்கிரம் பதில் போடு.

அங்கப்பன் மாமா

*

அன்னூர்
11-4-2025

மாமாவுக்கு,

நீங்களும் அக்காவும் எழிலும் நலமாக இருக்க வேண்டும்.

ஆறு வாரமாக எழுதவில்லை. பால் பூத்துக்கும் போகவில்லை. நடுவில் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. போன வாரம் யுவஸ்ரீ வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிப்போனாள். மேடம் திட்டவில்லை. தாளை மட்டும் கேட்டார்.

அதில் நான் எழுதியிருந்ததை அப்படியே கீழே எழுதுகிறேன்.

எண்ணம்: நான் ஒன்றுக்கும் ஆகாதவன். பிறர் சோற்றைத் தின்கிறவன்.
நம்பிக்கை: தொண்ணூறு.
ஆதாரம்: மோட்டார் லோடு திரும்பி வந்தது. இன்றைக்கு யுவஸ்ரீ சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறேன். அதற்கு முன்பே மாமா வீட்டில் பதினைந்து நாள் தின்று தூங்கினேன், இது ஊருக்கே தெரியும்.
எதிரான ஆதாரம்: இல்லை.

“உங்க மாமா உங்களப் பத்தி என்ன நெனைக்கறாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?” என்று மேடம் கேட்டார். கடிதங்கள் இருக்கின்றன என்றேன். “அது கேலிங்க. கேலிக்கு உள்ள என்ன இருக்குன்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டீங்க. கேட்டுப் பாத்தீங்களா?” என்றார். கேட்பதுதான் இந்தத் தடவை எனக்குக் கொடுத்த வேலை. அதனால் கேட்கிறேன்.

நான் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நீங்கள் நினைக்கிறீர்களா?

கேலி இல்லாமல் பதில் எழுதுங்கள். ஆம் என்றாலும் பரவாயில்லை. மேடம் நடுவில் லீவாம், முப்பதாம் தேதி புதன்கிழமைதான் அடுத்த தடவை போக வேண்டும். உங்கள் பதிலை எடுத்துக்கொண்டு போவேன். பதில் வராவிட்டாலோ, அதிலும் விளையாட்டு இருந்தாலோ, இனி அங்கே போவதாக இல்லை. எனக்குச் சலித்துவிட்டது மாமா.

பிரவின்குமார்

*

தொண்டாமுத்தூர்
22-4-2025

கண்ணு பிரவினுக்கு அக்கா எழுதுவது. சாப்பிட்டாயா சாமி? தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? இங்கே ஒருவர் தவிர மற்றவர்கள் சுகம்.

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. உன் மாமா எழுதுகிறார், கிழிக்கிறார். எழிலின் பழைய நோட்டில் அட்டை மட்டும் மிச்சம். நான்கு கடிதம் முழுதாக முடித்து ஒட்டியும்விட்டார். நான் பிரித்துப் பார்த்தேன். நான்கிலும் எருமை வருகிறது. அடுப்பில் போட்டேன்.

நேற்று மத்தியானம் நடந்ததைக் கேள்.

“ஏனுங்க, ரெண்டு வரி எழுத இத்தன நாளா?”

“நீ கம்முனு இரு. கேலியில்லாம எழுதோணுமாமா. உப்பில்லாம சோறாக்குன்னா எப்படி ஆக்கறது?”

“ஆக்குங்க. சீக்காளிக்கு அதுதான் குடுப்பாங்க.”

“நான் நாலு வார்த்தை சிரிப்பாப் பேசறதுனாலயா அவன் படுத்துக் கெடக்கறான்?”

“அப்படின்னு நான் சொல்லலீங்க. எந்திரிக்கப் பாக்கறவன் மேல எதுக்கு ஏறி உக்காந்திருக்கறீங்க?”

அதற்கு அவர் எழுந்து கொட்டில் பக்கம் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் என் தலைமுடியை நரைக்க வைத்துவிட்டீர்கள். நீ கேட்டதற்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதினைந்து நாள் என்ன நடந்தது என்றும் தெரியும். நானே எழுதிவிடலாம். ஆனால் அதை அவர் கையால்தான் எழுத வேண்டும். புதன்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள் தங்கம்.

அக்கா சின்னத்தாயி

*

தொண்டாமுத்தூர்
26-4-2025

பிரவின்குமாருக்கு,

எல்லோரும் நலம். நீ நலமில்லை என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. நான் அப்படி நினைக்கவில்லை. ஒருநாளும் நினைத்ததில்லை.

இப்படி எழுதினால் இதுவும் நான் நம்புவதுதான், நடந்தது இல்லை என்று அந்த அம்மணி சொல்லுவார். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

யானை வந்த அன்று நான் அதனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சுவர் விழுந்ததும் கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். கத்தப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. வேட்டியை நனைத்துவிட்டேன். அது போன பிறகும் விடிந்து வெகுநேரம் வரை வெளியே வரவில்லை. உன் அக்கா வந்துதான் காலைப் பிடித்து இழுத்தாள்.

அதற்கப்புறம் வெளிச்சம் வருவதற்கு முன் வாசற்படியைத் தாண்ட என்னால் முடியவில்லை. தென்னை மட்டை விழுந்தால் வீட்டுக்குள் ஓடினேன். தண்ணீர் பாய்ச்சும் கரண்டு விடிகாலை ஐந்து மணிக்குத்தான் வரும். தோப்புக்காரர் சுந்தரராஜுலுவிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். இன்னும் நான்கு நாள் தோப்பு காய்ந்திருந்தால் வேறு ஆளைப் போட்டிருப்பார்.

உன் அக்கா உன்னைக் கூப்பிட்டாள். நீ கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்தாய். பதினைந்து நாள் ஐந்து மணிக்கு நீதான் போய் மோட்டார் போட்டு, முந்நூறு மரத்துக்கும் தண்ணீர் கட்டிவிட்டு வந்தாய். யானை வந்துபோன அதே தோப்புக்குத் தனியாகப் போனாய். உனக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். அந்த அசதியில் பகலில் தூங்கினாய். எனக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. பதினாறாம் நாள் வாசலில் நின்று, “வாங்க மாமா, போலாம்” என்றாய். முன்னால் நடந்தாய். நான் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மாப்பிள்ளை ஏன் பகலில் தூங்குகிறான் என்று ஊரில் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதனால் உன்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தேன். இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது கேலி இல்லை மாப்பிள்ளை, பொய்.

இன்றைக்கு நான் தோப்பு வேலையில் இருப்பது உன்னால். புதன்கிழமை இதை எடுத்துக்கொண்டு போ. ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

அங்கப்பன்

*

அன்னூர்
8-5-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் யுவஸ்ரீயும் சுகம். அக்காவையும் எழிலையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை போனேன். மேடம் இரண்டு தடவை படித்தார். பிறகு, “தண்ணி கட்டுனது உங்களுக்கு மறந்துபோச்சுங்களா?” என்று கேட்டார்.

மறக்கவில்லை மாமா. அதுதான் எனக்கே விளங்கவில்லை. எல்லாம் ஞாபகம் இருந்தது. வாய்க்காலை எந்த மூலையில் திருப்புவேன் என்பதுகூட. ஆனால் தாளில் எழுத உட்கார்ந்தால் தூங்கினதுதான் வந்தது. தண்ணீர் கட்டியதெல்லாம் ஒரு வேலையா, யார் வேண்டுமானாலும் செய்வார்கள் என்று தள்ளிவிட்டிருக்கிறேன். இந்த நோய் அப்படித்தான் செய்யுமாம். நல்லதாக நடந்ததைத் தள்ளிவிடும், கெட்டதை மட்டும் பொறுக்கி வைத்துக்கொள்ளும்.

எதிரான ஆதாரத்தில் முதல் தடவையாக ஒரு வரி எழுதினேன். பிறகு நம்பிக்கை எவ்வளவு என்று கேட்டார். தொண்ணூறு எழுபத்தைந்து ஆகியிருந்தது.

உங்களுக்கு இதை எழுதுவது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று யுவஸ்ரீ சொல்லிச் சொல்லி மாய்கிறாள். பால் பூத்துக்கு மறுபடியும் போகிறேன்.

பிரவின்குமார்

*

தொண்டாமுத்தூர்
15-5-2025

மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம், நான் மட்டும் கொதித்துப்போய் இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலம்தானே?

எழுபத்தைந்தா? வேட்டி நனைந்ததிலிருந்து ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதினைந்துதான் இறங்கிற்றா? என் மானத்தின் மதிப்பே அவ்வளவுதானா? உன் அக்காவிடம் கத்தினேன். “எறங்குச்சில்லீங்க? வாயக் கட்டுங்க” என்கிறாள்.

சரி, மீதியை யோசித்தேன். நான் எழுதியதெல்லாம் உனக்குத்தானே? ஊரில் இன்னமும் பழைய கதைதானே ஓடுகிறது? செவ்வாய்க்கிழமை காலையில் டீக்கடைக்குப் போனேன். பாலுசாமி, செங்கோட்டையன், இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலுக்கடியில் புகுந்தது, வேட்டி, நீ தண்ணீர் கட்டியது, எல்லாம்.

சிரிக்கிறார்கள் மாப்பிள்ளை. யானைக் கதையைப் புதிதாக மாற்றிக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். “நெசமாலுமே சொல்றனுங்க” என்றேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். பாலுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த வேட்டியச் சொன்னியே, அத இன்னொருக்கா சொல்லு அங்கப்பா” என்கிறான். டீ குடிக்காமல் வந்துவிட்டேன். மறுநாள் அவனே பெஞ்சுக்கு அடியில் புகுந்து நடித்துக் காட்டினானாம்.

இரண்டு நாளாக வீட்டை விட்டு இறங்கப் பிடிக்கவில்லை. அவர்கள் சிரித்த சத்தம் காதிலேயே இருக்கிறது. உனக்குப் பத்துப் பதினொரு மாதமாக இப்படித்தான் இருந்ததா? இந்தச் சத்தத்தோடுதான் தினமும் முழித்தாயா?

எழிலிடம் ஒரு தாளில் கட்டம் போடச் சொல்லி நானும் எழுதினேன். நான் வாயைத் திறந்தால் இனி யாருக்கும் அது பேச்சு இல்லை, கூத்து. இதுதான் எண்ணம். நம்பிக்கை நூறு. ஆதாரம் பாலுசாமி. எதிரான ஆதாரம் ஒன்றும் வரவில்லை. உனக்குப் பழக்கம் இருக்கிறதே, என்ன செய்வது என்று சொல்.

அங்கப்பன்

*

அன்னூர்
20-5-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் வெளியே இறங்கினீர்களா? இல்லாவிட்டால் கொட்டில் வரையாவது போங்கள். முதலில் அது போதும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். யுவஸ்ரீயிடமும் வாசித்துக் காட்டினேன். அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

பாலுசாமி அண்ணன் உங்கள் வாயால் கேட்டால் சிரிக்கத்தான் செய்வார். இருபது வருடப் பழக்கம் ஒரு காலையில் போய்விடாது. தண்ணீர் கட்டியவன் வாயால் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீங்கள் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். நான் சொல்லும்போதும் அவர்கள் சிரிக்கலாம். சிரித்தால் இரண்டு பேரைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

இதை இன்னும் மேடத்திடம் சொல்லவில்லை. நானாகத்தான் யோசித்தேன்.

உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வந்து சேருவேன் என்பதை இன்றைக்கு நாற்பதுதான் நம்புகிறேன். பால் பூத்தைத் தாண்டித் தனியாக இன்னும் போனதில்லை. யுவஸ்ரீ துணைக்கு வருகிறேன் என்கிறாள். காந்திபுரம் வரை வரச் சொல்லியிருக்கிறேன். அங்கிருந்து தனியாக வந்து பார்க்கிறேன்.

பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள். பத்து மணி பஸ்ஸில் நான் இறங்காவிட்டால் போய்விடாதீர்கள். பதினொரு மணி பஸ்ஸையும் பாருங்கள்.

உங்கள்
பிரவின்